இரண்டு கடிகாரங்களும் சரி

ஜெர்மனியில் நாஜிகள் ஆட்சிக்கு வந்த பிறகும் ப்ரெஸ்லாவ் நகரத்துப் பெண்கள் பள்ளியில் ஒட்டிலி டீச்சர், யூத விஞ்ஞானி ஒருவர் கண்டுபிடித்த சார்பியல் கோட்பாட்டை விடாமல் நடத்தினாள். ஓடும் ரயிலின் கடிகாரம் மெதுவாகப் போவதாக நிலையத்தில் நிற்பவன் அளப்பான். ரயிலில் இருப்பவனோ நிலையத்துக் கடிகாரம்தான் மெதுவாகப் போகிறது என்பான் என்றாள்.

“ரெண்டு பேர்ல யார் சொல்றது சரி டீச்சர்?” என்று கேட்டாள் கூட்ருன். ஒட்டிலிக்கு உயிரான மாணவி அவள்.

“ரெண்டு பேரும் சரிதாம்மா. ரயிலோட நீளமும் அப்படித்தான், அளக்குற ஆளைப் பொறுத்து மாறும்.”

“யூதன் கணக்கு அப்படித்தான் இருக்கும். எங்கப்பா நாஜிக் கட்சியில இருக்காரு, அவர்கிட்ட சொல்றேன்” என்றாள் கூட்ருன்.

வகுப்பே மேசையைத் தட்டிச் சிரித்தது. மறுவாரம் ஒட்டிலியை வேலையிலிருந்து விரட்டினார்கள். அவள் பெட்டியோடு கிளம்பியபோது கூட்ருன் ஓடிவந்து கதவைத் திறந்துவிட்டாள்.

“பரீட்சைக்கு இந்தப் பாடம் வராதுல்ல டீச்சர்?”

“வராதும்மா” என்று பழக்கதோஷத்தில் பதில் சொல்லிவிட்டாள் ஒட்டிலி.