உலகத்தில் யாருமே எழுதாத தலைப்பு

ஐம்பதை நெருங்கும் வயதில் பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தேன். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. துணி வாங்கும் வெளிநாட்டுப் பையர் கேட்பதற்கெல்லாம் முடியும் என்று சொல்லிவிட்டு, முடியுமா என்று பிறகு யோசிப்பதுதான் தொழில். ஆராய்ச்சிக்கும் அப்படித்தான் தலையாட்டினேன்.

எடுத்துக்கொண்டது உடல்நலத்தின் சமூகவியல். தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் பெண்கள், காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஷிப்டுக்கு வந்துவிடுகிறார்கள். ஏன்? இதுவரை யார் என்ன எழுதினார்கள், யாரும் தொடாதது எது என்று காட்டினால்தான் ஆய்வுக் குழு தலைப்பை ஏற்கும். ஏற்கெனவே ஒரு முறை திருப்பிவிட்டார்கள். இன்னொரு முறை திருப்பினால் பதிவே ரத்து.

கல்லூரி நூலகத்தில், ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் தரவுத்தளத்தின் முன்னால் உட்கார்ந்தேன். தேடல் பெட்டியைக் கண்டதும் கை தானாகத் தொழிலுக்குப் போய்விட்டது. எங்கள் ஊரில் ஒரு சட்டைக்கு ஆர்டர் என்றால் நூல், சாயம், பட்டன், லேபிள், மடிப்பு எதையும் விடாமல் எழுத வேண்டும். விட்டால் சரக்கு திரும்பி வரும். ஆகவே திருப்பூர், பின்னலாடை, பெண்கள், செக்கிங், காய்ச்சல், தலைவலி, மாத்திரை, மருந்துக்கடை, ஓவர்டைம் என்று எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் அடித்து, அத்தனையும் ஒரே கட்டுரையில் இருந்தே ஆக வேண்டும் என்று கட்டளையிட்டேன். கிடைத்தது பூஜ்யம்.

எனக்குப் புல்லரித்தது. உடனே என் ஆய்வு நெறியாளருக்குப் போன் போட்டேன்.

"ஒண்ணுகூட இல்லீங்களா?"

"ஒண்ணுகூட இல்லீங்க சார்."

"அப்பறமென்னங்க, ஒலகத்துலயே நாமதான் மொதல். குழுத் தலைவர்கிட்ட இப்பவே சொல்லிப்போடறனுங்க."

பெருமை தாங்காமல் நூலகர் அம்மாளைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஏனுங்க சார், இது கட்டுரை தேடறதுங்களா, பொண்ணு பாக்கறதுங்களா? இத்தன பொருத்தமும் வேணும்னா ஆருங்க சிக்குவா?"

ஓவர்டைமை அழித்தார். தலைவலியை அழித்தார். கூசாமல் திருப்பூரையே அழித்தார். மருத்துவரைப் பார்க்காமல் தானே மருந்து எடுத்துக்கொள்வதற்கு ஆய்வாளர்கள் வைத்திருக்கும் பெயரைப் போட்டு, பக்கத்தில் ஆடைத் தொழிலாளர்கள் என்று சேர்த்தார். திரை நிறையக் கட்டுரைகள் இறங்கின.

"போதுமுங்க, நிறுத்துங்க!"

"இன்னும் அடுத்த பக்கமே போகலீங்க சார்."

உலகின் முதல்வனாக நான் இருந்தது ஒரு டீ குடிக்கும் நேரம்.

அடுத்த வாரங்களில் உட்கார்ந்து படித்தேன். நாடுகள் வேறு, எழுதியவர்கள் வேறு. முடிவுரை மட்டும் ஒரே அச்சில் வார்த்தது. தொழிலாளருக்கு விழிப்புணர்வு இல்லை. ஆகவே விழிப்புணர்வு முகாம் நடத்த வேண்டும். காய்ச்சல்காரி ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும்போது கம்பெனி லைனில் அவள் இடத்தில் யார் நிற்பார் என்று நான் படித்த எதிலும் கேட்டிருக்கவில்லை. எழுதிய யாரும் சரக்கு கப்பலேற வேண்டிய ஷிப்மெண்ட் தேதியைப் பார்த்ததில்லை போலும்.

கட்டுரைக் கட்டைக் கண்டு நெறியாளர் முகம் சுண்டிப்போனது. "இத்தன பேர் எழுதிட்டாங்கன்னா அப்பறம் நீங்க எதுக்குங்க?"

"இத்தன பேரும் கேக்காதது ஒண்ணு இருக்குதுங்க சார்."

குழுவின் முன்னால் அதையே சொன்னேன். முதலில் எனக்குத் தேடத் தெரியவில்லை என்பதையும் சொன்னேன்; நெறியாளர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இனி கம்பெனிகளிடம் போய் லீவு பற்றிக் கேட்கப் போகிறேன் என்றதும் ஓர் உறுப்பினர் நிமிர்ந்தார்.

"கம்பெனிய எதுக்குங்க இழுக்கறீங்க? எங்க ஊட்டு பனியன் யூனிட்ல மாத்திரையே சும்மா குடுக்கறமுங்க. போட்டுட்டு பத்து நிமிசத்துல சீட்டுக்கு வந்துருவாங்க."

"லீவும் குடுக்கறீங்களாங்க?"

அவர் முன்னால் இருந்த தாள்களை அடுக்க ஆரம்பித்தார்.

தலைப்பை ஏற்றுக்கொண்டார்கள், அதில் 'விழிப்புணர்வு' என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. சேர்த்துவிட்டேன். லீவு பற்றிய கேள்வியை எடுக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. முதல் நேர்காணலுக்கு அந்த உறுப்பினரின் யூனிட்டிலேயே நேரம் கேட்டிருக்கிறேன். ஷிப்மெண்ட் முடிந்ததும் தேதி சொல்கிறேன் என்றிருக்கிறார்.