ஹெர்டிஸின் நம்பர்

ஹெர்டிஸைப் பற்றி நல்லவிதமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். என்னைப் பற்றிக் கேவலமாக எழுதாமல் அது முடியாது போலிருக்கிறது.

1974. நார்வேயில் தீவுப் பெண்களான நாங்கள் பிரசவத்துக்குப் படகேறி நகரத்துக்குப் போவோம். ஆஸ்பத்திரியில் குழந்தைகள் தனி அறையில் கிடக்கும். நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் தள்ளுவண்டியில் கொண்டுவந்து கொடுப்பார்கள். குடிக்கும் முன்பும் பின்பும் எடை போடுவார்கள். எடை ஏறவில்லையென்றால் உடனே புட்டிப்பால். பத்தாம் நாள் பால் வற்றி வீடு திரும்புவோம், நம் உடம்பில்தான் கோளாறு என்று நம்பிக்கொண்டு.

ஹெர்டிஸ் மீன் ஆலையில் வேலை செய்தவள். நர்ஸ் இல்லை. முதல் பிள்ளைக்கு இப்படித்தான் பால் வற்றியது. அடுத்த இரண்டுக்கும் வீம்பாகக் கொடுத்துக் காட்டினாள். பிறகு, பால் கொடுத்த தாய்மார் மற்ற தாய்மாருக்கு உதவும் சங்கத்தில் சேர்ந்தாள். மூன்று வருஷம் காத்திருந்து வாங்கிய டெலிபோனின் நம்பரை ஒரு சீட்டில் எழுதி, கிளினிக் சுவரில் ஒட்டினாள். பால் கொடுப்பதில் உதவி கேட்க, தீவு முழுக்க அந்த ஒரு நம்பர்தான்.

பிப்ரவரியில், பையனைப் பெற்று வீடு திரும்பிய கையோடு, நான் அழுதுகொண்டே அந்த நம்பரைச் சுற்றினேன். மார்பு கல்லாகி, காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போட்டது. பனிமழையில் ஹெர்டிஸ் நடந்தே வந்து சேர்ந்தாள்.

"ஒட்னி, முதல்ல அந்தக் கடிகாரத்தைத் திருப்பி வைடி. பிள்ளைக்கு மணி பாக்கத் தெரியாது. அது கேக்கறப்பல்லாம் குடு."

வெதுவெதுப்பான துணி வைத்தாள், பையனைப் பக்கத்தில் படுக்கவைத்து வாயைச் சரியாகப் பொருத்தினாள், அழுக்குத் துணிகளைத் துவைத்துப் போட்டாள். மூன்று நாள் வந்தாள். என் பால் வற்றாமல் நிலைத்தது அவளால்தான்.

அக்டோபரில் அவளுக்கு நாலாவது, பெண் குழந்தை. புருஷன் ஆர்விட் மீன்பிடிக் கப்பலில் கிரீன்லாந்துப் பக்கம். பிள்ளை பெற்ற வீட்டுக்குப் புளித்த பாலேட்டில் கிண்டிய கஞ்சி கொண்டுபோவது எங்கள் வழக்கம். நானும் மேலே வெண்ணெய் விட்டுக் கொண்டுபோனேன். போனவள் ஒரு மணி நேரம் என் பையன் கடிப்பதைப் பற்றியே பேசினேன்.

"கடிச்சா விரலை வாயோரம் விட்டு எடுத்துரு," என்றாள். முகம் செக்கச்செவேல் என்றிருந்தது. கையை மார்போடு ஒட்டி வைத்திருந்தாள். எட்டு மாதம் முன்பு நானும் அதே கோலத்தில்தான் இருந்தேன். அடுப்புச் சூடு என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஒரு மணி நேரத்தில் போன் இரண்டு தடவை அடித்தது. இரண்டு தடவையும் எழுந்து போய் யாருக்கோ ஆறுதல் சொன்னாள்.

கிளம்பும்போது ரொட்டிப் பெட்டிக்குப் பின்னால் பால் புட்டியைப் பார்த்தேன். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! மறுநாள் கடையில் நாலு பேர் காதுபட ஊதிவிட்டேன்.

"நமக்கெல்லாம் உபதேசம், அவ வீட்ல புட்டி!"

ஒரு வாரத்தில் யாரோ சீட்டைக் கிழித்தார்கள். அவள் போன் அதன்பிறகு அடிக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் அதே கடையில் எதிர்ப்பட்டாள். இளைத்திருந்தாள். எனக்குக் குறுகுறுத்தது. சும்மா இருந்திருக்கலாம்.

"முடியலன்னா ஒரு வார்த்தை எங்களுக்குச் சொல்லியிருக்கலாமே, ஹெர்டிஸ்?"

"யாருக்குடி போன் பண்றது? சீட்டுல இருந்தது என் நம்பர்தானே."

கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீ கஞ்சியோட வந்த அன்னிக்கு எனக்கு நாப்பது டிகிரி காய்ச்சல். கதவைத் திறக்கறப்போ, அப்பாடா, ஒட்னி வந்துட்டான்னு நினைச்சேன். நீ உன் பையனோட பல்லைப் பத்திப் பேசின. ஒரு மணி நேரம். எப்படியிருக்கேன்னு ஒரு வார்த்தை கேட்டியா?"

"உனக்குத்தான் எல்லாம் தெரியுமேன்னு..."

"தெரிஞ்சா? என் துணியை நானே துவைச்சு, என் நெத்தியை நானே தொட்டுப் பாக்கறதா?"

பால்பவுடர் டின்னைக் கூடையில் எல்லோருக்கும் தெரியும்படி மேலாக வைத்துக்கொண்டு போனாள். அதன்பிறகு என்னோடு பேசவில்லை. நானும் அந்த வீட்டுக் கதவைத் தட்டவில்லை. வெட்கம்.

என் பையன் ஒன்றரை வயது வரை தாய்ப்பால் குடித்தான். ஹெர்டிஸின் பெண்ணுக்குக் கிடைத்தது பத்தொன்பது நாள்.