கல்யாணம் ஆகும்வரை

புதுச்சேரியை அடுத்த சேதராப்பட்டில் சோப்பு கம்பெனியில் இருபத்துநான்கு வருஷமாக வேலை பார்க்கும் செந்தமிழ்ச்செல்விக்கு, வாடகை வீடு என்றாலே பற்றிக்கொண்டு வரும். புருஷன் விட்டுப் போன பிறகு ஒன்பது வீடு மாறியிருக்கிறாள். தனி ஆளா என்று முகம் சுளித்தவர்கள் பாதிப் பேர். மீதிப் பேர், மகனுக்குக் கல்யாணம் என்று ஒரே வாரத்தில் காலி செய்யச் சொன்ன புண்ணியவான்கள். ஒருமுறை ஷிப்ட் முடிந்து வந்தால், அவளுடைய கிரைண்டரும் பீரோவும் தெருவில் மழையில் நனைந்துகொண்டிருந்தன. செத்தாலும் இனி சொந்த வீட்டில்தான் சாவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

நெல்லித்தோப்பில் ஒரு ஓட்டு வீடு அமைந்தது. விற்பவர் பிரான்சுவா, பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர். வீட்டை விற்றுவிட்டுப் போகவே பாரிசிலிருந்து வந்திருந்தார். தெருப்பக்க அறையில் அவருடைய தங்கை ஜூலி இருந்தார். அறுபத்தேழு வயது, கல்யாணம் ஆகவில்லை, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு பிரெஞ்சு டியூஷன் எடுக்கிறார்.

"அந்தம்மா எங்க போவாங்க?" என்று புரோக்கர் நெடுமாறனிடம் கேட்டாள் செல்வி.

"முதியோர் ஹோம்ல பேசியாச்சுக்கா. உனக்கு காலி வீடாத்தான் வரும். பத்திரத்த மட்டும் உன் தம்பி பேர்ல போட்டுக்க, ஆம்பள பேர்ல இருந்தா பின்னால தொல்லை இருக்காது."

செல்வி பார்த்த பார்வையில் அவன் அந்தப் பேச்சை அத்தோடு விட்டான்.

அவளுடைய வக்கீல் நிர்மலா தாய்ப்பத்திரம் எல்லாம் வேண்டும் என்று கேட்டபோதுதான் அந்த உயில் வெளியே வந்தது. ஜூலியின் அப்பா அறுபதுகளில் நொத்தேர் என்கிற பத்திர அதிகாரியிடம் பிரெஞ்சில் எழுதி வைத்தது. வீடு மகனுக்கு. மகள் ஜூலிக்குக் கல்யாணம் ஆகும்வரை தெருப்பக்க அறையில் குடியிருக்க உரிமை. பெண் எப்படியும் இருபது வயதில் புருஷன் வீட்டுக்குப் போய்விடும் என்று மனுஷர் கணக்குப் போட்டிருக்கிறார். அந்த உரிமை இன்றைக்கும் செல்லும் என்றார் நிர்மலா.

"ரெண்டே வழிதான்க்கா," என்றான் நெடுமாறன், அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து. "ஒண்ணு, அந்தம்மா உரிமைய விட்டுக் குடுத்துட்டேன்னு கையெழுத்து போடணும். இல்லன்னா ஒரு மாப்பிள்ளைய பாத்து கட்டி வெச்சுடணும்."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். எதிரே காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்த ஜூலி உள்ளே போனார். செல்வி பின்னாலேயே போனாள். அறையில் கட்டிலைக் கழற்றி வைத்திருந்தார். மிக்சி பழைய புடவையில் சுற்றித் தயாராக இருந்தது.

"உயில்ல இருக்கிறது உங்களுக்குத் தெரியாதாக்கா?"

"தெரியாமயா? எத்தினி தடவ படிச்சிருக்கேன். அண்ணன் கையெழுத்து போடுன்றாரு, போட்டுடறேன். சண்ட போட தெம்பு இல்லம்மா."

புடவையில் சுற்றிய அந்த மிக்சியைப் பார்க்கப் பார்க்க செல்விக்கு மழையில் நின்ற கிரைண்டர்தான் கண்ணில் வந்தது.

பதிவு அலுவலகத்தில், ஜூலி உரிமையை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தைத்தான் முதலில் எடுத்து வைத்தார்கள். ஜூலி பேனாவை எடுத்தார். செல்வி தாளின் மேல் கையை வைத்துவிட்டாள்.

"இது வேணாம். அவங்க உரிமை அப்படியே என் கிரயப் பத்திரத்துல ஏறட்டும்."

பிரான்சுவாவுக்கு முகம் சிவந்தது. "உனக்கு புத்தி இருக்கா? காலி வீடு தரேன்றேன்!"

"ஒரு பொம்பளைய தெருவுல தள்ளிட்டு தர வீடு எனக்கு எதுக்கு மிசியே?"

"வேணான்னா போ. லாஸ்பேட்டை பார்ட்டி ஒண்ணு காத்துட்டிருக்கு."

செல்வி அந்த வீட்டில் கிரைண்டர் எங்கே, பீரோ எங்கே என்றுகூட முடிவு செய்து வைத்திருந்தாள். கை நழுவினால் பத்தாவது வாடகை வீடுதான். ஆனாலும் கையை எடுக்கவில்லை.

"தாராளமா குடுங்க. ஆனா அவங்களுக்கும் வீடு இந்தக்கா உரிமையோடதான் போவும். ஜூலிக்கா, நீங்க கையெழுத்து போடப் போறீங்களா?"

எல்லோரும் ஜூலியைப் பார்த்தார்கள். அவர் பேனாவை நிதானமாக மூடி வைத்தார்.

"மாட்டேன்."

பிரான்சுவா பிரெஞ்சில் கத்தினார். ஜூலி பிரெஞ்சிலேயே ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். அங்கிருந்த யாருக்கும் புரியவில்லை, பிரான்சுவா மட்டும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாளில் அவருக்கு விமானம்; ஜூலியின் கையெழுத்து இல்லாமல் லாஸ்பேட்டை பார்ட்டியும் வாங்காது. செல்வி கேட்ட மாதிரியே பத்திரம் புதிதாக அடித்து மறுநாள் பதிவானது. சாட்சிக்குக் கூட்டி வந்த ஆட்களை நெடுமாறன் கோபத்தில் திருப்பி அனுப்பிவிட்டதால், நிர்மலா ஒரு சாட்சி, ஜூலி ஒரு சாட்சி.

படி இறங்கும்போது நெடுமாறனால் சும்மா இருக்க முடியவில்லை. "ஏங்க்கா, அந்த ரூம் உன் கைக்கு எப்ப வரும்னு யோசிச்சியா?"

செல்வி வாயைத் திறப்பதற்குள் ஜூலி திரும்பினார்.

"தம்பி, மாப்பிள்ளை பாக்கறேன்னியே, அந்த வேலைய வுட்டுடு. எந்த ராசா வந்து கேட்டாலும் இனிமே நான் கட்டிக்கிறதா இல்ல."