இர்மெல் கை தூக்கவில்லை

எல்லன்பாக் சீமையைத் தலைமுறை தலைமுறையாக ஆண்ட வம்சம் அந்தப் பனிக்காலத்தில் அற்றுப்போனது. பிள்ளையில்லாமல் செத்த கடைசிப் பிரபுவின் குழியில் வம்சத்துக் கேடயத்தை உடைத்துப் போட்டு, "இந்த மண்ணுக்கு இனிப் பிரபு இல்லை" என்று கூவினான் மணியக்காரன் வோல்ஃபார்ட். முறை அப்படி. மகராசன், தொண்டை கட்டக் கட்டக் கூவினான்.

மறு வாரமே குடியானவன் குன்ட்ஸ் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். பெண்டாட்டி இர்மெலுக்கு மிஞ்சியது கைக்குழந்தையான மகளும் ஒற்றைப் பசுவும். குடியானவன் செத்தால் தொழுவத்திலேயே நல்ல மாடு பிரபுவுக்கு. இருப்பதே ஒன்றென்றால் அந்த ஒன்று! எழவு வீட்டில் பிடுங்கித் தின்பதற்கு ஒரு சட்டம், தூ. புதுப் பிரபுவாக வரவேண்டிய தூரத்துச் சொந்தக்காரர் இன்னும் வந்து சேரவில்லை. அதற்குள் வோல்ஃபார்ட் கயிற்றோடு வந்துவிட்டான்.

இர்மெல் தொழுவத்தை மறித்து நின்றாள்.

"யாருக்கு மாடு, மணியக்காரரே?"

"பிரபுவுக்கு."

"எந்தப் பிரபுவுக்கு? இல்லேன்னு கத்துனது நீர்தானே? என் புருசன் செத்தப்ப இந்த மண்ணுல பிரபுவே கிடையாது."

 வோல்ஃபார்ட் அவளைத் தள்ளிவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போனான்.

புதுப் பிரபு வந்ததும் கோயில் மரத்தடியில் குடிகளைக் கூட்டினார்கள். எல்லாரும் கைதூக்கிச் சத்தியம் செய்தால்தான் அவர் பிரபு. இர்மெல் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஏன் என்று கேட்டதற்கு, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"மாடு வரட்டும். கை தானா எழும்பும்."

மாவரைக்கும் ஓட்டோ தூக்கிய கையை இறக்கினான். அவன் வீட்டிலும் ஒரு கிழவர் இழுத்துக்கொண்டு கிடந்தார். பிறகு ஒவ்வொரு கையாக இறங்கியது. பிரபுவின் முகம் கறுத்துப்போனது. வேறு வழி? மாடு வந்தது.

கயிற்றைக் கொடுக்கும்போது வோல்ஃபார்ட் பல்லைக் கடித்தான். "நீயும் ஒருநாள் சாவேடி. அன்னைக்கு வரேன்."

சொன்னபடியே வந்தான், கூன் விழுந்து, கோலூன்றி. அதற்கு முன்பே இர்மெல் கன்றுகாலி எல்லாவற்றையும் மகள் பேருக்கு மாற்றி, அவள் புகுந்த வீட்டுக்கு ஓட்டிவிட்டிருந்தாள். தொழுவம் துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது. மாடில்லாத பெண்பிள்ளை செத்தால் அவளுடைய நல்ல உடுப்பு பிரபுவுக்கு. இர்மெல் கோயிலுக்கு உடுத்தும் நீலக் கம்பளி அங்கி எங்கே என்று அதட்டினான்.

மகள் இடுகாட்டுப் பக்கம் கையைக் காட்டினாள்.

"உடுத்திக்கிட்டுத்தான் போயிருக்கா ஐயா. வேணும்னா தோண்டி எடுத்துக்கும்."