மாஸ்டர் நிறுத்திய இடம்

1. யார் ஆரம்பிப்பது?

மாஸ்டரை அடக்கம் செய்த மறுவாரம், வழக்கம்போல் சனிக்கிழமை மாலை, தேனி பஜாருக்குப் பின்னால் இருந்த திருச்சபை ஹாலில் பதினோரு பேர் கருவிகளோடு உட்கார்ந்திருந்தோம். சுருதி சேர்த்தோம். நோட்ஸ் தாள்களைத் திறந்து வைத்தோம். அதற்குப் பிறகு யாரும் வாசிக்கவில்லை.

இன்று மெல்லிசைக் குழுக்களில் சேருகிற பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் விவரம். எங்களுடையது சேம்பர் ஆர்க்கெஸ்ட்ரா. வயலின், வயோலா, செல்லோ, டபுள் பேஸ் என்று வில் போட்டு வாசிக்கும் கருவிகள் மட்டும். பாட்டு கிடையாது, மைக் கிடையாது. அறுபதுகளில் தேவசகாயம் மாஸ்டர் அதைத் தொடங்கினார். பட்டாள பேண்டில் இருந்து திரும்பியவர். பகலில் பருத்தி மண்டியில் கணக்கு எழுதுவார். வில் பிடிக்கவே தெரியாத ஆட்களைச் சேர்த்து, அவரே மெட்டமைத்து, அவரே தாள் எழுதி, முன்னால் நின்று நடத்தினார். நான் பாலிடெக்னிக்கில் ரேடியோ டிப்ளமா முடித்து ரிப்பேர் கடையில் வேலை பார்த்தேன். குழுவில் வயோலா. ஹாலில் மின்சாரம் சம்பந்தப்பட்ட எல்லாம் என் பொறுப்பு.

மாஸ்டரிடம் ஒரு முறை இருந்தது. நாற்காலிகளை அவர்தான் போடுவார். ஒவ்வொன்றும் அவரை மட்டும் பார்த்திருக்கும். பக்கத்து ஆளின் கை நமக்குத் தெரியாது. யாராவது காலால் தாளம் தட்டினால் அவர் கையில் இருக்கும் குச்சி நோட்ஸ் ஸ்டாண்டில் விழும்.

"அங்கன இங்கன பாக்காதீக. எண்ணுறது என் வேல. வாசிக்கிறது ஒங்க வேல."

அந்தச் சனிக்கிழமை, முதல் வயலின் லில்லி டீச்சர் தலையை அசைத்துத் தொடங்கப் பார்த்தார். நாற்காலி இருந்த இருப்பில் அவருடைய தலை எங்களில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை.

"வட்டமாத் திருப்பிப் போட்டுக்கிருவமா, டீச்சர்?" என்றேன்.

"அவுக போட்டது போட்டபடி இருக்கட்டும்மா" என்றார் காதர் பாய்.

காதர் பாய்தான் எங்கள் செல்லோ. உத்தமபாளையத்தில் ஜவுளிக்கடை. ஆள் உயரத்துக்கு இருக்கும் அந்தப் பெட்டியை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வருவார். "உள்ள யாரு பாய்?" என்று பஸ் கண்டக்டர் கேட்டால், "சின்ன வீடு. அரை டிக்கெட் போடு" என்பார். அன்று அவரும் சிரிக்கவில்லை. விளக்கை அணைத்துவிட்டுப் போனோம்.

2. டேப்

ஹால் கமிட்டிச் செயலாளர் இரும்புக்கடைக்காரர். கெட்டவர் இல்லை. ஆனால் ஹாலை டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்குக் கேட்டு ஆள் வந்திருந்தது.

"மாஸ்டருக்காகத்தான் இத்தன வருசம் சும்மா விட்டோம். அவுக வருச நினைவுக்கு எல்லாருக்கும் முன்னால வாசிங்க. வாசிச்சிட்டீகன்னா ஹால் ஒங்களுக்கு. இல்லன்னா சாவியக் குடுத்துருங்க."

வேறு இடம் கிடையாது. டபுள் பேஸும் ஸ்டாண்டுகளும் வைக்கிற அளவுக்கு எங்கள் யார் வீட்டிலும் அறை இல்லை. ஹால் போனால் குழு போயிற்று.

என்னிடம் ஒரு ஸ்பூல் டேப் இருந்தது. கடைக்கு வந்த ரெக்கார்டரைச் சோதிக்க, ஒரு மழை நாளில் ஒத்திகையை முழுதாகப் பதிவு செய்திருந்தேன். மாஸ்டர் எழுதிய மூன்று பகுதி உருப்படி, அவர் "ஒன், டூ" என்று எண்ணுகிற குரலோடு. அதை ஸ்பீக்கரில் போட்டு, கூடவே வாசிக்கலாம் என்று லில்லி டீச்சர் சொன்னார். மாஸ்டர் நிற்கும் இடத்தில் ஸ்பீக்கரை வைத்தோம். குழு உடனே வாசித்தது. டீச்சர் அழுதார்.

ஒரு தொல்லை. மாலையில் தோட்டங்களில் பம்புசெட் ஓடும். வோல்டேஜ் இறங்கும். ரெக்கார்டர் மோட்டார் மெதுவாகச் சுற்றும். டேப்பில் எல்லாமே சுருதி தாழ்ந்து, தாளமும் தாமதமாக வரும். நாங்கள் என்ன செய்தோம்? எங்கள் கருவிகளின் சுருதியை இறக்கினோம். டேப்பின் தொடக்கத்தில் சுருதி கொடுப்பது லில்லி டீச்சரின் வயலின்தான். தன்னுடைய அந்த வயலினுக்காகத் தன் கையில் இருந்த வயலினை அவர் இறக்கிக்கொண்டிருந்தார்.

கடையிலிருந்து ஸ்டெபிலைசர் கொண்டுவந்து மாட்டினேன். வேகம் சரியானது. மாஸ்டரின் குரல் மெலிந்து, சுறுசுறுப்பாக வந்தது. அதுதான் அவருடைய உண்மையான குரல். எல்லோரும் நிறுத்திவிட்டார்கள்.

"இது யாரு, மல்லிகா? அவுக இப்பிடியா பேசுவாக?" என்றார் டீச்சர்.

கழற்றி வைக்கச் சொன்னார்கள். கழற்றினேன்.

3. பிளேடு

இரண்டாம் பகுதியின் நடுவில் டேப்பில் குச்சி தட்டும் சத்தம் வரும். "நிறுத்துங்க. பாய், தூங்குறீகளா?" உடனே பாயின் குரல், "தூங்கல மாஸ்டர்." சிரிப்பு. பிறகு "ஒன், டூ". விட்ட இடத்தில் இருந்து இசை.

ஒவ்வொரு ஒத்திகையிலும் நாங்கள் அங்கே நிறுத்துவோம். டேப்பில் இருந்த பாயும் நாற்காலியில் இருந்த பாயும் சேர்ந்து "தூங்கல மாஸ்டர்" என்பார்கள். சிரிப்போம். "ஒன், டூ" வந்ததும் தொடர்வோம்.

நினைவு நாள் நெருங்கியபோது சொன்னேன். "பிளேடு வச்சு அந்தப் பேச்ச மட்டும் வெட்டி ஒட்டிரவா? நேரா வாசிச்சுப் பழகணும்ல."

பாய் வில்லைக் கீழே வைத்தார். "அந்த மனுசன் நாக்க வெட்டுறேன்றியே தாயி."

"பேச்சத்தான் பாய்."

"அவுக பேச்சுல மிஞ்சுனதே அவ்வளவுதான்."

பிளேடைத் திரும்பப் பெட்டியில் வைத்தேன்.

நினைவு நாளன்று டேப் போடலாமா என்று செயலாளரைக் கேட்டோம். "டேப்போட சேந்து வாசிக்கிறதுக்கு, டேப்ப மட்டும் போட்டுட்டு நீங்களும் வந்து கேக்கலாமே?" என்றார். அவர் சொன்னது நியாயம். டேப் இல்லாமல், லில்லி டீச்சர் குச்சியோடு முன்னால் நிற்பது என்று முடிவானது.

4. நினைவு நாள்

ஹால் நிறைந்திருந்தது. மண்டியிலிருந்து வந்திருந்தார்கள். பாயின் வீட்டார் உத்தமபாளையத்தில் இருந்து வேன் பிடித்து வந்திருந்தார்கள்.

முதல் பகுதி நன்றாகவே போனது. டீச்சரின் எண்ணிக்கை தப்பவில்லை. செயலாளர் தலையாட்டிக்கொண்டிருந்தார். சாவி நம்மிடமே இருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

இரண்டாம் பகுதியின் நடுவில் எல்லோரும் நிறுத்தினோம்.

ஒருவர் முந்தவில்லை, ஒருவர் பிந்தவில்லை. அவ்வளவு ஒழுங்காக நாங்கள் எதையும் வாசித்ததில்லை. டீச்சரின் குச்சியும் இறங்கியிருந்தது. அந்த இடத்தில் என்ன ஆகும் என்று அறிந்திருந்த என்னுடைய வில்லும் நின்றது.

அந்த அமைதியில் காதர் பாய், "தூங்கல மாஸ்டர்" என்றார்.

முடிந்துவிட்டது என்று நினைத்துப் பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். நாங்கள் சிரிக்கவில்லை. "ஒன், டூ" வரவேண்டிய நேரம் வந்தது, போனது. டீச்சர் குச்சியைத் தூக்கினார். எங்கிருந்து தொடங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. எங்களுக்கும் தெரியவில்லை. தாள் கண் முன்னால்தான் இருந்தது. கடைசியில் டீச்சர் குச்சியை ஸ்டாண்டில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

செயலாளர் எங்களைத் திட்டவில்லை. பாயின் தோளைத் தொட்டு, "விடுங்க பாய்" என்றார். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

5. ஹால் இப்போது

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நன்றாக நடக்கிறது. ஃபேன் ரிப்பேருக்கு நான்தான் போகிறேன். எங்கள் ஸ்டாண்டுகளில் பாடத்தாள் வைத்து அடிக்கிறார்கள். டபுள் பேஸ் சபைப் பள்ளிக்கூடத்துப் பொருள் அறையில் வெடித்துக் கிடக்கிறது. பாய் இப்போது செல்லோவைத் தொடுவதில்லை. டேப் என்னிடம் இருக்கிறது. யாரும் கேட்டு வரவில்லை.

மாஸ்டர் எங்களுக்கு எல்லாம் கொடுத்தார் என்றுதான் ஊரில் சொல்கிறார்கள். வில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார், தாள் படிக்கக் கற்றுக்கொடுத்தார், சுருதி சேர்க்கக் கற்றுக்கொடுத்தார். உண்மைதான். தொடங்குவதையும் நின்ற இடத்தில் இருந்து மறுபடி எடுப்பதையும் மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டார். அதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை.

குழு நடத்துகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். நன்றாக இருக்கும்போதே ஒரு மாலை குச்சியை வைத்துவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்காருங்கள். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கும்படி நாற்காலியைத் திருப்பிப் போடட்டும். பாதியில் நின்றுபோவார்கள். அப்போது நீங்கள் எழுந்திருக்காதீர்கள்.