மேட்டுக்கே ஓடிப் பழகியவள்

காலை ஐந்தரை மணிக்கு, அந்தமானில் எங்கள் ஊரான பாராடாங் ஜெட்டியில் நானும் என் மகள் கவிதாவும் பஸ் ஏறினோம். போர்ட் ப்ளேருக்கு ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று புதுப்பெயர் வைத்துவிட்டார்கள். கண்டக்டர் வாயிலும் என் வாயிலும் பழைய பெயர்தான் வருகிறது. ஆளுக்கு நூற்றைம்பது ரூபாய் டிக்கெட்.

முதலில் பஸ்ஸே ஃபெர்ரியில் ஏறி எதிர்க்கரையில் உள்ள மிடில் ஸ்ட்ரெயிட்டுக்குப் போகும். அங்கிருந்து ஜிர்காடாங் வரை ஜாரவா பழங்குடி மக்களின் காடு. போலீஸ் முன்னே போக, எல்லா வண்டிகளும் வரிசையாகப் போக வேண்டும். நடுவில் நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. பிள்ளைக்கு வாந்தி வந்தால் என்ன செய்வது என்று இரண்டு பாலித்தீன் பை எடுத்து வைத்திருந்தேன். அவளுக்கு இருபத்திரண்டு வயது. பஸ்ஸில் வாந்தி எடுத்து எத்தனையோ வருஷம் ஆகிறது.

"மேஜர் மேடம், இன்னிக்கு என்ன, அம்மாவ பாடிகார்டா கூட்டிட்டு வந்திருக்கீங்க?" என்றார் டிரைவர் செல்வம் அண்ணன். ஜெட்டி பக்கத்தில் உள்ள எங்கள் சாப்பாட்டுக் கடையில் டீ குடிக்காமல் வண்டி எடுக்க மாட்டார்.

"இன்னும் சேரவே இல்ல அண்ணே, அதுக்குள்ள மேஜரா?" என்றாள் கவிதா.

"அண்ணே, வளைவுல மட்டும் கொஞ்சம் மெதுவா போங்க" என்றேன் நான்.

"கான்வாய்ல நான் மெதுவா போனா பின்னாடி வர்றவன் ஹார்ன் அடிச்சே கொன்னுடுவான் தங்கச்சி. டென்ஷன் மத் லோ."

டென்ஷன் எடுக்காதே என்றால் நிற்கிற டென்ஷனா என்னுடையது.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கவிதா ராணுவ அதிகாரிப் பயிற்சிக்குத் தேர்வாகியிருக்கிறாள். இன்னும் மூன்று வாரத்தில் சென்னையில் போய்ச் சேர வேண்டும். ஆறு மாதமாக வீட்டில் அதே பேச்சுதான். விடிவதற்கு முன்னால் எழுந்து ஓடுகிறாள். முதுகுப் பைக்குள் கடை அரிசி பத்துக் கிலோவை வைத்துக் கட்டிக்கொண்டு மேடு ஏறுகிறாள். புது பூட்ஸ் கடித்துக் குதிகாலில் கொப்புளம், அதன் மேலேயே மறுபடியும் பூட்ஸ். யார் திட்டினாலும் முகம் மாறக் கூடாதாம். அதற்குப் பயிற்சி கொடுக்கச் சொல்லி அவள் அப்பாவை உட்காரவைத்துத் திட்டச் சொன்னாள். அவர் இரண்டு வார்த்தை திட்டிவிட்டு அழுதுவிட்டார்.

எல்லாம் வந்துவிட்டது. தண்ணீர் மட்டும் வரவில்லை. பயிற்சியில் உயரமான பலகையிலிருந்து நீச்சல் குளத்தில் குதிக்க வேண்டும், குதிக்காதவர்களை அடுத்த பேட்சுக்குத் தள்ளிவிடுவார்கள் என்று அங்கே போய்வந்த ஒரு பெண் இவளிடம் சொல்லியிருக்கிறாள். போன மாதம் போர்ட் ப்ளேரில் தங்கி நீந்தக் கற்றுக்கொண்டாள். பலகை மேல் ஏறினால் மட்டும் கால் திரும்பிவிடுகிறது.

அந்தக் கால் எங்கே கற்றது என்று எனக்குத் தெரியும். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது போர்ட் ப்ளேரில் கடலோரமாக, மின்னி பேயில் வாடகைக்கு இருந்தோம். சுனாமி அன்று கடல் வாசற்படி ஏறியது. அவளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினேன். பாராடாங்குக்குக் குடி மாறிய பிறகும் நிலம் லேசாக ஆடினால் போதும், தட்டில் போட்ட சோறு போட்டபடி இருக்க, குடும்பமே வீட்டுக்குப் பின்னால் உள்ள மேட்டுக்கு ஓடுவோம். எங்கள் தெருவில் பெங்காலி, தெலுங்கு எல்லாரும் அப்படித்தான். கடலில் அவள் கால் நனைய விட்டதில்லை. ஓடையில் முதலை இருக்கிறது என்று போர்டே வைத்திருக்கிறார்கள். அப்படி வளர்த்ததைத் தப்பென்று நான் இன்றைக்கும் நினைக்கவில்லை. உயிரோடு இருந்தால்தானே ஆபீசர் ஆக முடியும்.

ஒன்பதரைக்குப் போர்ட் ப்ளேர். மின்னி பேயில் என் தங்கை வீட்டில் பையை வைத்துவிட்டு ஆட்டோவில் நீச்சல் குளம் போனோம். எண்பது ரூபாய். குளம் என்றதும் நம் ஊர்க் குளத்தை நினைக்க வேண்டாம். அடியில் நீல ஓடு பதித்து, கோடு போட்டு, மருந்து வாடையோடு இருந்தது. பலகை இரண்டு ஆள் உயரம். சென்னையில் இதைவிட மூன்று மடங்காம்.

நீச்சல் சொல்லிக்கொடுக்கும் ரூபா தீதி, அதாவது ரூபா அக்கா, பெங்காலிப் பெண். முப்பது வயது இருக்கும். தமிழும் ஹிந்தியும் கலந்து பேசினாள்.

கவிதா ஏணியில் ஏறினாள். பலகையின் நுனிக்குப் போனாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். "பாத்துடி" என்றேன். இறங்கிவிட்டாள். மறுபடி ஏறினாள், மறுபடி பார்த்தாள். இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. அப்படியும் இறங்கிவிட்டாள்.

ரூபா தீதி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஆன்ட்டி, கோபம் வேண்டாம். குதிக்கிறதுக்கு முன்னால அவ உங்க முகத்தப் பாக்குறா. உங்க முகத்துல பூகம்பம் வந்த மாதிரி இருக்கு. பாஹர் போய் ஒரு சாய் குடிங்க."

"நான் ஒண்ணும் சொல்லலியேம்மா."

"சொல்ல வேண்டாம் ஆன்ட்டி. மூஞ்சியே போதும்."

நான் மகளைப் பார்த்தேன். ஈரத் தலையோடு நின்றவள், "அம்மா, போம்மா. நீ இருந்தா ஓடுறதுக்குத்தான் வழி தேடுறேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். அவளுக்குக் கணக்கோ இங்கிலீஷோ என்னால் சொல்லிக்கொடுக்க முடிந்ததில்லை. கூடவே இருப்பது ஒன்றுதான் நான் செய்தது. இப்போது வெளியே போக வேண்டுமாம்.

போனேன். எதிர்க் கடையில் பத்து ரூபாய்க்கு ஒரு டீ வாங்கி, மதில் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றேன். உள்ளே தொபுக் தொபுக்கென்று சத்தம். நிறையப் பிள்ளைகள் குதிக்கிறார்கள். எது என் பிள்ளை குதித்த சத்தம் என்று எப்படித் தெரியும்? ஒரு தடவை சத்தம் கேட்டு ரொம்ப நேரம் வேறு சத்தமே இல்லை. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு கேட் வரை போனேன். உள்ளே போகாமல் திரும்பி வந்தேன். அந்தப் பத்தடி தூரம் காலையில் வந்த நூறு கிலோமீட்டரைவிட நீளம்.

ஒரு மணி நேரம் கழித்து வந்தாள். கடையில் பன் வாங்கிக் கொடுத்தேன். சாப்பிட்டு முடித்ததும் அவளே ஆரம்பித்தாள்.

"என்னம்மா, கேக்க மாட்டியா?"

"நீயே சொல்லு."

"ரெண்டு தடவை குதிச்சேன். ஒரு தடவை மூக்குல தண்ணி ஏறி, செத்தேன்னு நெனச்சேன். மூணாவது தடவை ஏறிட்டு இறங்கிட்டேன். நாளைக்குப் பாக்கணும்."

அவளோடு பத்து நாள் தங்குவதாகத்தான் துணி எடுத்து வந்திருந்தேன். மறுநாள் அதிகாலையிலேயே ஊருக்குக் கிளம்பினேன். வழியனுப்ப வருகிறேன் என்றவளை, உனக்குப் பயிற்சி இருக்கிறது, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜிர்காடாங் தாண்டியதும் போனில் சிக்னல் போய்விட்டது. காடு முடியும்வரை ஒன்றரை மணி நேரம், அவள் ஏறினாளா, குதித்தாளா, மேலே வந்தாளா, ஒன்றும் தெரியாது. சென்னையில் முதலில் கொஞ்ச நாள் போனை வாங்கி வைத்துக்கொள்வார்களாம். அங்கே ஏறக்குறைய ஒரு வருஷம். அவள் ஆறு மாதமாகத் தயாராகிறாள். நான் இன்றைக்குத்தான் ஆரம்பித்திருக்கிறேன்.

மிடில் ஸ்ட்ரெயிட்டில் பஸ் நின்றதும் பைக்குள் போன் சத்தம் போட்டது. கை தானாகப் போனது. எடுக்கவில்லை. அக்கரையில் இறங்கிப் பார்த்துக்கொள்ளலாம் என்று பையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.