பாலாவைப் பலா ஆக்கினேன்

விவசாய இலாகாவில் கம்ப்யூட்டர் தட்டுவது என்பது மண்ணைத் தொடாமலே அடுத்தவர் தோட்டத்தைக் கெடுக்கும் வேலை. கவுண்டரில் உட்கார்ந்து திட்டு வாங்கியவர்களுக்கும், வரிசையில் நின்று கால் வலித்தவர்களுக்கும் நான் சொல்வது புரியும். எஸ்.பி.எம். பரீட்சை எழுதிவிட்டு டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டில் சும்மா கிடந்தேன். ஆறு மாதத் தற்காலிக வேலை கிடைத்தது. விவசாயிகள் கொடுக்கும் விண்ணப்பப் பாரத்தைப் பார்த்துத் தட்ட வேண்டும், அது போன் கம்பி வழியாகக் கோலாலம்பூர் தலைமையகத்துக்குப் போகும். அவ்வளவுதான் சொன்னார்கள். அதுவும் பாதிதான் புரிந்தது.

ஒரே கம்பி

கம்ப்யூட்டருக்கும் போனுக்கும் ஒரே கம்பி. நான் அனுப்பிக்கொண்டிருக்கும்போது யாராவது போனைத் தூக்கினால் எல்லாம் அறுந்துவிடும், முதலிலிருந்து அனுப்ப வேண்டும். தூக்குவது எப்போதும் எங்கள் சீனியர் கிராணி, அதாவது மூத்த குமாஸ்தா, பரமேஸ்வரி அக்காதான். தலைமையகத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்பதற்காகத் தூக்குவார். நீங்கள் கேட்பதால்தான் சேரவில்லை என்று மூன்று நாள் சொல்லிப் பார்த்தேன். நாலாம் நாள் அக்கா சொன்னார்: "கேக்காம எப்படிலா தெரியும், போச்சா போகலையான்னு?"

என்ன மரம்?

பாலிக் புலாவிலிருந்து சின்னையா அண்ணே வந்தார். நாற்பது வயசு இருக்கும். மண்சரிவில் அவர் தோட்டத்தில் பதினெட்டு மரம் போய்விட்டது. இலாகா இலவசமாகக் கன்று தரும், ஆனால் ஒரு தடவைதான். இந்த மழைக்குள் நடாவிட்டால் சரிவில் மிச்ச மண்ணும் இறங்கிவிடும் என்றார்.

பாரத்தில் எல்லாம் எழுதியிருந்தார், மரத்தின் பெயரை மட்டும் விட்டுவிட்டார். கேட்டேன். "பாலா" என்றார். தமிழ்ப்பள்ளியில் படித்தவள் நான். பலாவைத்தான் இந்த ஆள் இழுத்துச் சொல்கிறார் என்று நினைத்தேன். மலாயில் பலாவுக்கு நங்கா. நங்கா என்று தட்டினேன். வரிசை வாசல்வரை நின்றது, திருப்பிக் கேட்க எனக்குப் பொறுமையில்லை. அவர் திரையையே முறைத்துக்கொண்டிருந்தார். "பாரத்துல எழுதினா நான் படிச்சுப் பாப்பேன். பெட்டிக்குள்ள போனத யாரு பாக்கிறது, தங்கச்சி?"

மோட்டார் சைக்கிளில் வந்த கன்று

ஒரு மாதம் கழித்து மோட்டார் சைக்கிளில் வந்தவர், பையோடு ஒரு கன்றைக் கவுண்டர்மேல் வைத்தார்.

"நான் பாலா கேட்டேன். லாரியில பதினெட்டும் நங்கா வந்து எறங்கியிருக்கு."

"பலான்னா நங்காதானே, அண்ணே?"

"பாலா மலாய்லா தங்கச்சி. கடையில ஊறப்போட்டு விக்கிறானே, அந்தப் பாலா."

அப்போதுதான் உறைத்தது. ஜாதிக்காய். அவர் மலாயில் சொன்னதை நான் தமிழில் கேட்டிருக்கிறேன். தப்பு என்னுடையது, ஆனால் கோபமும் எனக்குத்தான் வந்தது. ஜாதிக்காய் என்றே சொல்லியிருக்கலாமே என்றேன். அவர் கன்றைத் திரும்பத் தூக்கிக்கொண்டார். "ஜாதிக்காய்னு சொன்னா பாலிக் புலாவுல எவனுக்குத் தெரியும்?"

செலெசாய்

தலைமையகத்துக்குப் போன் போட்டேன். அண்ணே பெயருக்கு நேரே 'செலெசாய்' என்று இருக்கிறதாம், அதாவது காரியம் முடிந்தது. முடிந்ததைத் திறக்க முடியாதாம். மரம் தப்பு என்றேன். எண்ணிக்கை சரிதானே என்றார்கள். யாரோடு எதைப் பேசுகிறேன் என்றே தெரியவில்லை. கடைசியில் ஒரு வழி சொன்னார்கள்: தட்டினவர் தன் தப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

என் வேலையை நீட்டிப்பதா வேண்டாமா என்று அந்த வாரம்தான் முடிவு செய்கிறார்கள். "கம்பி அறுந்துச்சுன்னு எழுது" என்றார் அக்கா. அப்படி எழுதலாமா என்று யோசித்தேன், அதை மறைக்கப்போவதில்லை. ஆனால் மழை இன்னும் மூன்று வாரம்தான், தப்பை ஒப்புக்கொள்ளாமல் கன்று வராது. நான்தான் தப்பாகக் கேட்டேன் என்று எழுதித் தபாலில் போட்டேன்.

மழை முடிய ஒரு வாரம் இருக்கும்போது ஜாதிக்காய்க் கன்றுகள் வந்தன. அண்ணே ஒவ்வொன்றிலும் ஓர் இலையைக் கசக்கி மோந்து பார்த்துத்தான் வேனில் ஏற்றினார். எனக்கு வேலை நீளவில்லை என்று அக்கா அவரிடம் சொல்லிவிட்டார். அவர் வேன் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்: "நீ சரியா எழுதினது அந்த ஒரு லெட்டர்தானா, தங்கச்சி?"

தப்பு கம்பியில் போனது, திருத்தம் தபாலில் போனது; கம்ப்யூட்டரைப் பற்றி எனக்குத் தெளிவாகப் புரிந்தது இவ்வளவுதான்.